செத்தவன் சட்டையில் தொடங்கும் போர்: ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ வீட்டில் பார்த்தோம்

முதல் பத்து நிமிடத்துக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். மீதி இரண்டேகால் மணி நேரத்தோடு எனக்குச் சண்டை நிறைய இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் போர் என்றால் என்ன வேலை நடக்கிறது என்பதை அந்தப் பத்து நிமிடம் மாதிரிக் காட்டிய படம் நான் பார்த்ததில்லை.

2022இல் வந்த ஜெர்மன் படம். நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. இயக்கம் எட்வர்ட் பெர்கர். எரிக் மரியா ரிமார்க் 1929இல் வெளியிட்ட நாவல்தான் மூலம். அதை ஹாலிவுட்காரர்கள் 1930இலேயே படமாக்கி சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கிவிட்டார்கள், ஜெர்மன்காரர்கள் தங்கள் கதையைத் தங்கள் மொழியிலேயே படமாக எடுக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இதற்கும் நான்கு ஆஸ்கர்: வெளிநாட்டுப் படம், ஒளிப்பதிவு, இசை, கலை இயக்கம். பள்ளிக்கூடத்து வாத்தியார் பேச்சில் மயங்கி, வீட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டு பட்டாளத்தில் சேரும் பால் என்ற பையனும் அவன் கூட்டாளிகளும் முதல் உலகப் போரில் பிரான்ஸ் எல்லைப் பதுங்குகுழிக்குப் போய் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள். கதை இவ்வளவுதான். கிட்டத்தட்ட நூறு வருஷத்துப் பழைய கதை என்பதால் முடிவையெல்லாம் ஒளிக்காமல்தான் எழுதப்போகிறேன், வேண்டாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பத்து நிமிடம் இதுதான். ஹைன்ரிஷ் என்று ஒரு சிப்பாய், பாலுக்கு முன்னால் போனவன். குழியை விட்டு ஏறி ஓடுகிறான், பயத்தில் முகம் கோணிக்கொண்டு கையில் கிடைத்த மண்வெட்டியை ஓங்குகிறான், அவன் முகம் நமக்குப் பதிவதற்குள் காட்சி அறுந்துவிடுகிறது. அடுத்து பிணங்களில் இருந்து உடுப்பைக் கழற்றுகிறார்கள். மூட்டை கட்டுகிறார்கள், வண்டியில் ஏற்றுகிறார்கள், பெரிய பெரிய தொட்டிகளில் போட்டு அலசுகிறார்கள், தண்ணீர் சிவந்து போகிறது. அப்புறம் ஒரு நீளமான கூடம். வரிசை வரிசையாகத் தையல் மெஷின், வரிசை வரிசையாகப் பெண்கள். குண்டு போன ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுத் தைக்கிறார்கள். மெஷின் ஓடுகிற சத்தம் துப்பாக்கிச் சத்தம் போலவே கேட்கிறது, இசையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. தைத்த சட்டை புதுசு மாதிரி மடிந்து வந்து பால் கையில் விழுகிறது. அவன் சந்தோஷமாகப் பார்த்தால் கழுத்துப் பக்கம் வேறு ஒருத்தன் பெயர். “இது வேற யாரோடதோ” என்று திருப்பிக் கொடுக்கிறான். மேஜைக்காரர், அவனுக்கு அளவு சின்னதாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயர்ச் சீட்டை வெடுக்கென்று பிய்த்துக் கீழே போடுகிறார். பையன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போகிறான்.

எங்கள் வீட்டில் அந்த இடத்தில் அப்பத்தாதான் முதலில் வாய் திறந்தது. “செத்தவுக துணிய நம்ம வீட்டுக்குள்ளயே வச்சுக்க மாட்டோம். இவுக தொவச்சு, தச்சு, இன்னொருத்தி பெத்த பிள்ளைக்கு மாட்டி அனுப்புறாகளே” என்றது. பாஷையும் தெரியாது, சப்டைட்டிலும் படிக்கத் தெரியாது, ஆனால் இயக்குநர் என்ன சொல்ல வந்தாரோ அது அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தக் காட்சி நாவலில் கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. நாவலில் இதற்குப் பதிலாக ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கிறது, சாகிறவன் காலில் இருந்து அடுத்தவன் காலுக்கு, அவன் செத்ததும் இன்னொருத்தனுக்கு என்று கைமாறிக்கொண்டே போகும். பூட்ஸை எடுத்துவிட்டுச் சட்டையை வைத்தது சரியான மாற்றம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பூட்ஸில் சிப்பாய்கள் மட்டும் வருகிறார்கள், சட்டையில் ஊரில் உட்கார்ந்து தைக்கிற பெண்களும் வந்துவிடுகிறார்கள்.

யார் யார் பார்த்தோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் ஒருத்தன் விமர்சனம் இல்லை. காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில், ஒரு விசேஷத்துக்காகக் கூடியிருந்த கூட்டம். அப்பத்தா, சின்னம்மா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற அவர் மகன், நான், அடுத்த வீட்டு சுபேதார் மாமா. மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் தெருவுக்கு ஒரு முன்னாள் ராணுவத்தான் இருப்பார், எங்கள் தெருவுக்கு இவர். போர்ப் படம் என்றால் கூப்பிடாமலே வந்துவிடுவார். இந்திப் போர்ப் படங்களைப் பார்த்துவிட்டு, ராங்க் பட்டையைத் தப்பாகக் குத்தியிருக்கிறான், துப்பாக்கியை இப்படியா பிடிப்பான் என்று இடைவேளை வரைக்கும் திட்டிக்கொண்டே இருக்கிற ஆள்.

டிவி பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இந்த மாதிரி வீட்டில் படம் பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு, பட்டாலை உயரம், ஆத்தங்குடிக் கல் தரை, சுண்ணாம்புச் சுவர், திரைச்சீலை மெத்தை என்று சத்தத்தை விழுங்க ஒன்றும் கிடையாது, எல்லாம் மோதித் திரும்பி வரும். பேச்சு கேட்கவேண்டும் என்று வால்யூமைக் கூட்டினால் அடுத்த நிமிஷம் பீரங்கி வெடித்து முகப்பில் தூங்குகிற ஆள் எழுந்து வருவார். சவுண்ட்பாரில் இரவு நேர அமைப்பு என்று ஒன்று இருக்கும், வெடிச் சத்தத்தை இறக்கிப் பேச்சை ஏற்றித் தரும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் ஜெர்மன்தான், சப்டைட்டில்தான், பேச்சு கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்கவேண்டாம். இந்தப் படத்தில் மூச்சு விடுகிற சத்தம் முக்கியம். ஆங்கிலக் குரல் கொடுத்த வடிவமும் இருக்கிறது, சின்னவன் கேட்டான் என்று கொஞ்ச நேரம் போட்டோம். வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம், அதுவும் பதுங்குகுழியில் சேறு அப்பிக்கொண்டு கிடக்கிறவன் ரேடியோ நாடகக்காரன் மாதிரித் தெளிவாகப் பேசுகிறான். உடனே மாற்றிவிட்டோம்.

இன்னொரு விஷயம், பகலில் பார்க்காதீர்கள். படம் முழுக்கச் சாம்பலும் நீலமும் சேற்று நிறமும்தான். ஜேம்ஸ் ஃப்ரெண்டின் ஒளிப்பதிவு அப்படி. இராத்திரிக் காட்சிகள் நிஜமாகவே இருட்டு. வளவு முற்றத்தில் இருந்து வெயில் அடிக்கும்போது பார்த்தால் உங்கள் முகம்தான் திரையில் தெரியும்.

இசையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஃபோல்கர் பெர்டல்மன் என்பவர் தன் கொள்ளுப்பாட்டி வைத்திருந்த பழைய ஆர்மோனியத்தைச் சரிசெய்து அதில் வாசித்த மூன்றே மூன்று சுரம், அதைப் பெருக்கி, உடைத்து, ஏதோ ராட்சத மிருகம் தொண்டையைக் கனைப்பது போல் ஆக்கியிருக்கிறார். திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடுகிற ஊர் எங்களுடையது, ஆர்மோனியம் என்றால் ராஜபார்ட்டுக்குச் சுருதி கொடுக்கிற பெட்டி என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதே பெட்டி வயிற்றைக் கலக்கும் என்று இந்தப் படத்தில்தான் பார்த்தேன். 1917இல் நடக்கிற கதைக்கு இவ்வளவு நவீன இரைச்சலா என்று சிலருக்கு உறுத்தும், சின்னம்மாவுக்கு உறுத்தியது, “டிவி ரிப்பேரா?” என்று கேட்டார். எனக்குப் பிடித்தது. சண்டை நடக்கும்போது பெரும்பாலும் அந்த இசை ஒதுங்கிக்கொள்கிறது, சண்டைக்கு முன்னாலும் பின்னாலும்தான் வருகிறது. வீரம் ஊட்டுகிற பின்னணி இசை மருந்துக்கும் இல்லை.

இனி, நிஜம் மாதிரி இருக்கிறதா என்ற கேள்வி. சுபேதார் மாமா வாயை மூடிக்கொண்டு படம் பார்த்து நான் பார்த்ததே இல்லை, இதில் முதல் ஒரு மணி நேரம் அவர் பேசியது மொத்தமே நாலு வாக்கியம் இருக்கும். அதில் ஒன்று விஷவாயுக் காட்சி. புதிதாக வந்த அறுபது பையன்கள் காணவில்லை என்று தேடிப்போகிறார்கள், ஒரு இடிந்த தொழிற்சாலைக்குள் அத்தனை பேரும் அப்படி அப்படியே செத்துக் கிடக்கிறார்கள், முகமூடியைச் சீக்கிரம் கழற்றிவிட்டார்கள். மாமா சொன்னார்: “அதுதாம்ப்பு நிஜம். சுட்டுச் சாகுறது பாதிப் பேரு. மீதிப் பேரு ட்ரெயினிங் பத்தாமச் சாகுறாக. கேஸு காத்தை விடக் கனம், பள்ளத்துலயும் ரூமுக்குள்ளயும் தங்கிக் கெடக்கும், வெளிய தெளிஞ்சிருச்சேன்னு கழட்டுனா முடிஞ்சுச்சு.” அவர் சொன்னது சரிதான். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்து ஈப்ர நகரத்துப் பக்கம் ஜெர்மன்காரர்கள் குளோரினைத் திறந்துவிட்டபோது பதுங்குகுழிக்குள் அது இறங்கி நின்றதுதான் அத்தனை சாவுக்கும் காரணம். படத்தில் இதைப் பற்றி யாரும் விளக்கம் கொடுப்பதில்லை. ஒரு வாத்தியார் வேலையும் பார்க்காமல் வரிசையாகக் கிடக்கிற உடம்புகளைக் காட்டிவிட்டு நகர்கிறார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். இந்தப் படத்தில் பாதிக்கு மேல் பசிதான் ஓடுகிறது. ஜெர்மனியைக் கடல் வழியாக மறித்துவிட்டதால் 1916-17 குளிர்காலத்தில் அந்த நாட்டு ஜனமே மாட்டுக்குப் போடுகிற ஒரு கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தது, அந்தப் பஞ்சம் சிப்பாய்களின் கன்னத்தில் தெரிகிறது. எதிரியின் குழியைப் பிடித்ததும் பால் கூட்டம் முதலில் செய்கிற வேலை என்ன தெரியுமா, பிரெஞ்சுக்காரன் அடுப்படியில் புகுந்து ரொட்டியையும் இறைச்சியையும் வாயில் அடைத்துக்கொள்கிறார்கள். கொடி நடுவதும் இல்லை, கட்டிப்பிடிப்பதும் இல்லை. இது சினிமாவுக்காகச் செய்த கற்பனை என்று நினைக்கவேண்டாம், 1918 மார்ச்சில் ஜெர்மன் படை பெரிய தாக்குதல் தொடங்கியபோது பட்டினி கிடந்த சிப்பாய்கள் பிரிட்டிஷ் சாப்பாட்டுக் கிடங்குகளைப் பார்த்ததும் முன்னேறுவதை விட்டுவிட்டுத் தின்ன உட்கார்ந்துவிட்டதை அந்தக் காலத்து ஆட்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வாயில் ரொட்டியோடு இருக்கும்போதே தரை அதிர ஆரம்பிக்கிறது, புகைக்குள் இருந்து பிரெஞ்சு டாங்கிகள் வருகின்றன. அந்தப் பையன்கள் ஆயுசில் டாங்கியைப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிகிறது. எங்களுக்கு அந்த இடத்தில் நெட் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. எங்கள் இணைப்புக்காரரை நம்பி எந்தப் படத்தையும் பார்க்கக் கூடாது, முந்தின நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சரி, குண்டுக்குழிக் காட்சி. சின்னம்மா எழுந்து போன இடம். பால் ஒரு பெரிய குழிக்குள் விழுகிறான், பின்னாலேயே ஒரு பிரெஞ்சு சிப்பாய் விழுகிறான், பால் கத்தியால் குத்துகிறான், ஒரு தடவை இல்லை, பல தடவை. அதற்கு அப்புறம்தான் காட்சி ஆரம்பிக்கிறது. குத்துப்பட்டவன் சாகவில்லை. தொண்டைக்குள் ரத்தம் குமிழியிட மூச்சு வாங்குகிறான், அந்தச் சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. வெளியே எதிரி நடமாட்டம், சத்தம் கேட்டால் இவனும் காலி. கையில் அகப்பட்ட மண்ணை எடுத்து அவன் வாயில் திணிக்கிறான். சத்தம் நிற்கவில்லை. குழியின் இந்தப் பக்கம் வந்து காதைப் பொத்திக்கொண்டு உட்காருகிறான். மறுபடியும் ஊர்ந்து போகிறான், இப்போது தண்ணீரோடு. சற்று முன் தானே திணித்த மண்ணைத் தன் விரலாலேயே வழித்து எடுக்கிறான், துணியை நனைத்து உதட்டைத் துடைக்கிறான், மன்னிப்புக் கேட்கிறான். பை ஒன்றைத் திறந்தால் பொண்டாட்டி பிள்ளை படம். இத்தனையும் வெட்டு அதிகம் இல்லாமல், அவசரம் இல்லாமல், நம்மை அந்தக் குழிக்குள்ளேயே உட்காரவைத்து நடத்துகிறார்கள். ஃபெலிக்ஸ் காமரர் என்ற பையன், சினிமாவுக்கு இதுதான் முதல் படம், முகம் முழுக்கச் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது, நடிப்பெல்லாம் கண்ணில் மட்டும்தான். நாவலிலும் இந்தக் காட்சி உண்டு, ஆனால் அங்கே பால் நிறையப் பேசுவான். இங்கே பேச்சைக் குறைத்துவிட்டார்கள், அதனால் இன்னும் தாங்க முடியவில்லை.

சின்னம்மா திரும்பி வந்து கேட்டார், “அவன் செத்துட்டானா?” என்று. ஆமாம் என்றதும், “நல்ல வேளை” என்றார். யாரும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரைக்கும் எனக்குப் படத்தோடு மனஸ்தாபம் கிடையாது. துணி, சோறு, முகமூடி, சேறு, தண்ணீர் என்று கைக்கு அகப்படுகிற பொருளைப் பிடித்துக்கொண்டு போகிறவரைக்கும் படம் பொய் சொல்லவே இல்லை. பொருளை விட்டுவிட்டு மேஜைக்குப் போகும்போதுதான் வழுக்குகிறது. நாவலில் இல்லாத ஒரு கிளைக் கதை சேர்த்திருக்கிறார்கள்: மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற ஜெர்மன் அரசியல்வாதி கொம்பியேன் காட்டில் நிற்கிற ரயில் பெட்டியில் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷோடு போர் நிறுத்தம் பேசுகிறார். ஆள் நிஜம், ரயில் பெட்டி நிஜம், 72 மணி நேரக் கெடு நிஜம், 1918 நவம்பர் 11 விடியக்காலை ஐந்து மணி சுமாருக்குக் கையெழுத்தாகி பதினொரு மணிக்கு அமலுக்கு வந்ததும் நிஜம். அந்தக் கையெழுத்துக்காகவே எர்ட்ஸ்பெர்கரை 1921இல் சொந்த நாட்டு வலதுசாரிகள் சுட்டுக் கொன்றார்கள். எர்ட்ஸ்பெர்கராக டேனியல் ப்ரூல் நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் ரயிலில் அழகழகான பலகாரத் தட்டு, இங்கே பசி, ரயிலில் இஸ்திரி போட்ட உடுப்பு, இங்கே சேறு, என்று மாற்றி மாற்றிக் காட்டும்போது இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடித்து “புரியுதா, புரியுதா” என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. புரிகிறது ஐயா, சட்டையிலேயே புரிந்துவிட்டது.

அதை விடப் பெரிய குறை முடிவு. கற்பனையான ஒரு ஜெர்மன் ஜெனரல், போர் நிற்கக் கால் மணி நேரம் இருக்கும்போது கடைசியாக ஒரு தாக்குதலுக்கு ஆளனுப்புகிறார், பால் பதினொரு மணி அடிக்கச் சில நொடி முன்னால் முதுகில் குத்துப்பட்டுச் சாகிறான். நவம்பர் 11 காலையில் ஜெர்மன் படை அப்படித் தாக்கவில்லை, அது பின்வாங்கிக்கொண்டிருந்த படை. கடைசி நிமிடம் வரைக்கும் ஆளை முன்னால் தள்ளியது நேச நாட்டுத் தளபதிகள் சிலர்தான், ஹென்றி குந்தர் என்ற அமெரிக்க சிப்பாய் 10.59க்குச் செத்தது ஆவணத்தில் இருக்கிறது. அந்த நிஜமே போதுமான கொடூரம். ரிமார்க் முடித்த விதத்துக்கு முன்னால் இது நிற்காது என்பதுதான் என் வாதம். நாவலில் பால் 1918 அக்டோபரில், ஒன்றுமே நடக்காத ஒரு அமைதியான நாளில் செத்துப்போகிறான், அன்றைய ராணுவ அறிக்கையில் மேற்கு முனையில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று ஒரே வரி. படத்தின் தலைப்பே அந்த வரிதான். அந்த வரியை எடுத்துவிட்டு, கடிகார முள்ளைக் காட்டி, நம்ம ஊர்ப் படத்தில் தூக்கு மேடையில் கடைசி நொடிக்கு முன்னால் ஓடி வருகிற ஆளைக் காட்டுகிற மாதிரிப் படபடப்பு ஏற்றுகிறார்கள். ஜெர்மன் விமர்சகர்கள் நிறையப் பேர் இந்தப் படத்தைக் கிழித்ததற்கும், இங்கிலாந்தில் ஏழு பாஃப்டா விருது கொடுத்துக் கொண்டாடியதற்கும் காரணம் ஒன்றேதான் என்று நினைக்கிறேன், முன்னவர்கள் நாவலைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள்.

மாமா இதில் என் கட்சி இல்லை. “கடைசி நிமிஷத்துல செத்தான்னு போட்டாத்தான் பாக்குறவுகளுக்கு ஒறைக்கும். அக்டோபர்ல செத்தா என்ன, நவம்பர்ல செத்தா என்ன, செத்தவனுக்கு ஒண்ணுதான்” என்றார். அவருடைய குறை வேறு, அது என் குறையை விட ஆழம். “லீவு எங்கப்பு?” என்று கேட்டார். நாவலில் பால் நடுவில் விடுமுறையில் ஊருக்கு வருவான். அப்பா அவனை உடுப்போடு ஊருக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும் என்பார், கடைத்தெருவில் பெரிய மனிதர்கள் போரை எப்படி ஜெயிக்கவேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுப்பார்கள், அம்மா மட்டும் ரொம்பக் கஷ்டமா என்று கேட்பாள், அவன் பொய் சொல்வான். படத்தில் அது அத்தனையும் இல்லை. பட்டாளப் பயிற்சியும் இல்லை. நேராகப் பள்ளிக்கூடம், நேராகப் பதுங்குகுழி, அப்புறம் பதினெட்டு மாதம் தாண்டி நேராக 1918 நவம்பர். மாமா சொன்னார்: “சண்டைய விட அதுதான் கஷ்டம். லீவுல வந்து எறங்குனா முதக் கேள்வி, எத்தனை பேரைச் சுட்டேன்னு. ரெண்டாவது கேள்வி, கேன்டீன்ல என்ன வாங்கிட்டு வந்தேன்னு. இதைக் காட்டாம என்ன பட்டாளப் படம்?” அந்தக் கேள்வியைக் கேட்ட பயல்களில் நானும் உண்டு என்பதால் பேசாமல் இருந்தேன்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தூரத்து ஊரில் இருக்கிற ஆம்பிளையும் அங்கிருந்து வருகிற கடுதாசியும் புதுசு இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போனால் போனதுதான், கடுதாசிதான் வரும். அதனால் படத்தில் காட் என்ற சிப்பாய், எழுதப் படிக்கத் தெரியாத, செருப்புத் தைக்கிற தொழிலாளி, பொண்டாட்டி எழுதிய கடுதாசியைப் பாலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிற காட்சி எங்கள் வீட்டில் எடுபட்டது. வெட்டவெளியில் கழிப்பிடக் கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன பிள்ளையைப் பற்றி அவள் எழுதியதை ஒருத்தன் படிக்க ஒருத்தன் கேட்கிறான். ஆல்பிரெக்ட் ஷூக் என்ற நடிகர், அந்த இடத்தில் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா வைத்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள், படத்திலேயே நல்ல நடிப்பு அதுதான்.

முதல் உலகப் போர் நமக்கு ரொம்பத் தூரம். 1914 செப்டம்பர் 22 இராத்திரி எம்டன் கப்பல் மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது, அதற்கு மேல் பொதுவாக யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் பத்து லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் கடல் தாண்டிப் போனார்கள், எழுபதாயிரத்துக்கு மேல் திரும்பவில்லை, பிரான்ஸில் நவ் ஷப்பெல் நினைவிடத்தில் உடல் கிடைக்காத நாலாயிரத்துச் சொச்சம் இந்தியப் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இந்தப் படத்தில் அவர்கள் வரவில்லை என்று நான் குறை சொல்லமாட்டேன், இந்தியக் காலாட்படையை 1915 முடிவிலேயே பெரும்பாலும் மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது இரண்டாவது போர். அப்பத்தாவின் அப்பச்சி 1942இல் ரங்கூனில் இருந்து நடந்து வந்தவர்களில் ஒருத்தர். படத்தில் பால், காயம்பட்ட அந்தச் சிப்பாய் காட் என்பவரைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்து நடந்து, ஆஸ்பத்திரியில் இறக்கும்போது ஆள் ஏற்கெனவே செத்துப்போயிருப்பார். அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, “எங்க அப்பச்சியும் ஒருத்தரத் தூக்கிட்டு வந்தாகளாம். பாதில எறக்கி வச்சுட்டு வந்தாகளாம். அதுக்கு மேல சொல்ல மாட்டாக” என்றது. நிறுத்துப் பொத்தானை அழுத்தலாமா என்று பார்த்தேன், வேண்டாம் ஓடட்டும் என்று கையைக் காட்டியது.

காட் என்ற அந்தச் சிப்பாயைச் சுட்டது ஒரு பிரெஞ்சு விவசாயியின் சின்னப் பையன். இவர்கள் இரண்டு பேரும் அந்தப் பண்ணையில் முன்பு வாத்து திருடித் தின்றவர்கள், இரண்டாவது தடவை முட்டை எடுக்கப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் எல்லாரும் ஐயோ என்று சொன்னபோது அப்பத்தா மட்டும் பையன் கட்சி. “அவுக வீட்டு வாத்தைத் திருடுனா அவன் என்ன செய்வான்? பட்டாளம் பசிக்குதுன்னு ஊர்க்காரன் வாயில மண்ணா?” என்று கேட்டது. இரண்டரை மணி நேரம் ஒரு படையோடு நடந்தால் நாமும் அந்தப் படைக்காரனாகவே ஆகிவிடுகிறோம், அந்த ஊர்க்காரன் என்ன ஆனான் என்று படமும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சின்னவனுக்குப் படம் பிடிக்கவில்லை. “ஹீரோ ஒண்ணுமே பண்ணலையேண்ணே, சும்மா ஓடுறான், படுக்குறான், அழுவுறான். என்ன மிஷன்னே தெரியலை” என்றான். போனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறவன், செத்தால் மறுபடி எழுந்து வருவான். எனக்கு அவன் கருத்துதான் படத்துக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ் என்று தோன்றியது. ஆனால் ஒன்று, படுகாயம் பட்டுக் கிடக்கிற டியாடன் என்ற கூட்டாளி, சாப்பிடக் கொடுத்த முள்கரண்டியால் தன் கழுத்தையே குத்திக்கொள்கிற இடத்தில் அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு இது வேண்டாம், அவனையும் நாங்கள் உட்காரவைத்திருக்கக் கூடாது என்று சின்னம்மா என் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். இரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறவர்கள், இராத்திரி சரியாகத் தூங்காதவர்கள் இந்தப் பக்கம் போகவேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற படமும் இல்லை, சீயத்தட்டு வைத்தபடியே இருந்தது.

மற்றவர்கள் பாருங்கள். ஒரே மூச்சில் பாருங்கள், பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்தச் சட்டை மறந்துபோகும். கடைசியில் வேறொரு சின்னப் பையன் பிணங்களிடம் பெயர்த் தகடு பிய்த்துக்கொண்டு வருவான், அப்போது தொடக்கம் ஞாபகம் இருக்கவேண்டும். ரயில் பெட்டிக் காட்சிகள் வரும்போது தண்ணீர் குடிக்கப் போகலாம், ஒன்றும் குடி முழுகாது.

அந்த விடுமுறைக் காட்சி 1930 படத்தில் இருக்கிறது. பால் தன் பழைய வகுப்பறைக்கே போய், அங்கே உட்கார்ந்திருக்கிற பையன்களிடம் போர் எப்படி இருக்கும் என்று சொல்ல, அவர்கள் அவனையே கோழை என்கிறார்கள். இதைச் சொன்னதில் இருந்து சுபேதார் மாமா எப்போது போடுகிறாய் என்று நச்சரிக்கிறார். கருப்பு வெள்ளைப் படம் என்று தெரிந்ததும் சின்னவனுக்கு டியூஷன் வந்துவிட்டது.